தலைமைப் பண்பு தன்பதிவேட்டில் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலர்களுக்குத் தலைமைப் பண்பும் ஆட்களை நடத்தும் திறமையும் கற்றுத்தர வேண்டும் என்று கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றன. மத்திய அமைச்சரவை 2020 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த, அரசு ஊழியர் பயிற்சிக்கான கர்மயோகி இயக்கத்தின் இணையவழிப் பாடங்களிலும் இவை இடம்பெறுகின்றன. பாடம் வேண்டியதுதான். ஆனால் அதில் பேசப்படும் ஊக்கம், கூட்டு முயற்சி, தொலைநோக்கு எல்லாம் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்தால் எந்தப் பதிவேட்டில், வாரத்தின் எந்த நாளில், யாருடைய கையெழுத்தில் நடக்க வேண்டும் என்பதை எவரும் சொல்வதில்லை. அதை எழுதவே இந்தக் கடிதம். சற்று நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வட்டாட்சியர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பட்டா மாறுதல், சாதி, வருமான, வாரிசுச் சான்றுகள், ஆக்கிரமிப்பு அகற்றல், வெள்ள நிவாரணம், தேர்தல், ஜமாபந்தி எனப்படும் ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை என எல்லாமே அங்கேதான் வந்து சேர்கின்றன. வட்டாட்சியரின் கீழ் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் அவர் கண்ணெதிரே இருப்பதில்லை. வருவாய் ஆய்வாளர் பல கிராமங்கள் சேர்ந்த பிர்காவில், கிராம நிர்வாக அலுவலரும் கிராம உதவியாளரும் கிராமத்தில். சர்வேயரோ நில அளவைத் துறையைச் சேர்ந்தவர். அவருக்கு வேறு மேலதிகாரி. இப்படிச் சிதறிக் கிடக்கும் ஆட்களை வைத்து ஒரே மனுவை முடிக்க வேண்டும்.

இங்கே நிலுவை சேர்ந்தால் உடனே ஓர் எழுத்தரின் சோம்பலைக் காட்டுகிறார்கள். சோம்பேறிகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் நிலுவையில் பெரும்பகுதி, வேலையைப் பிரித்த விதத்தாலும் பிரித்த வேலையைத் தலைவர் திரும்பிப் பார்க்காததாலும் வருவது. திரும்பிப் பார்ப்பதற்கான கருவி புதிதாக வர வேண்டியதில்லை. எழுத்தர் தமக்கு வந்த தபால்களையும் ஒவ்வொன்றின் மேல் எடுத்த நடவடிக்கையையும் தேதியோடு எழுதும் தன்பதிவேடு, நினைவூட்டு நாட்குறிப்பு, நிலுவைப் பட்டியல் எல்லாம் பழைய அலுவலக நடைமுறையிலேயே உள்ளன. அவற்றைக் கைவிட்டுவிட்டு, அந்த இடத்தில் ஆய்வுக் கூட்டத்தையும் வாட்ஸ்ஆப் குழுவையும் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். கெடுதல் தொடங்கியது அங்கேதான்.

புதிதாகப் பொறுப்பேற்கும் வட்டாட்சியர் முதல் இரண்டு வாரத்தில் ஒவ்வொரு சீட்டாக, அதாவது ஒவ்வோர் எழுத்தரின் மேசையாக, போய் உட்கார்ந்து தன்பதிவேட்டைப் புரட்ட வேண்டும். எழுத்தரை அறைக்கு வரச்சொல்லிப் பார்ப்பதும் அவர் சீட்டில் போய்ப் பார்ப்பதும் ஒன்றல்ல. மேசை மேல் என்ன குவிந்திருக்கிறது, அலமாரி பூட்டுகிறதா, கணினி யாருக்குப் பொதுவாக இருக்கிறது என்பதெல்லாம் சீட்டில்தான் தெரியும். மொத்த நிலுவை எத்தனை என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. நூறு கோப்பு நிலுவையுள்ள சீட்டில் எல்லாமே பத்து நாள் வயதுடையவையாக இருக்கலாம்; இருபது நிலுவையுள்ள சீட்டில் ஐந்து கோப்புகள் இரண்டு ஆண்டு பழையவையாக இருக்கலாம். எனவே வயதைப் பிரித்துக் கேளுங்கள்: 15 நாளுக்குள், 30 நாளுக்குள், 60 நாளுக்குள், அதற்கு மேல். அறுபதைத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது எதற்காக நிற்கிறது? சர்வேயா, கிராம அறிக்கையா, மனுதாரர் தர வேண்டிய ஆவணமா, நீதிமன்றத் தடையா, வேறு துறையின் கருத்தா? ஒரு சொல்லில் பென்சிலால் பதிவேட்டின் ஓரத்தில் எழுதினால் போதும்.

ஒரு பதிவைக் கிட்டத்தில் பார்ப்போம். மார்ச் 3 மனு வந்தது. மார்ச் 10 கிராம நிர்வாக அலுவலரிடம் அறிக்கை கேட்கப்பட்டது. ஏப்ரல் 2 நினைவூட்டு. மே 5 மீண்டும் நினைவூட்டு. ஜூன் 9 மூன்றாம் நினைவூட்டு. எழுத்தரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர் விதிப்படி எல்லாம் செய்திருக்கிறார். ஆனால் அந்தக் கிராமத்துக்குப் பிப்ரவரியிலிருந்தே நிரந்தர அலுவலர் இல்லை. பக்கத்துக் கிராமத்துக்காரர் கூடுதல் பொறுப்பில் இருக்கிறார். மூன்று நினைவூட்டும் பூட்டிக் கிடந்த அலுவலகத்துக்குப் போயிருக்கின்றன. இதை எழுத்தரால் தீர்க்க முடியாது, வட்டாட்சியரால்தான் முடியும். இரண்டாம் நினைவூட்டுக்குப் பிறகும் பதில் வராத எந்தக் கோப்பும் தானாகவே வட்டாட்சியரின் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்று அலுவலக ஆணை ஒன்று போட்டால், மூன்றாம் நினைவூட்டு என்ற பழக்கமே ஒழியும்.

அந்தப் பென்சில் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நெரிசல் இருக்கும். பட்டாவைப் பொறுத்தவரை அது சர்வே. உட்பிரிவு, அதாவது ஒரே சர்வே எண்ணிலுள்ள நிலத்தைப் பிரிப்பது, தேவையில்லாத பட்டா மாறுதல் ஆவணங்களைப் பார்த்தே முடிகிறது. உட்பிரிவு செய்ய வேண்டியதற்குச் சர்வேயர் புலத்துக்குப் போய் அளக்க வேண்டும், பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், வரைபடம் தயாரிக்க வேண்டும். பிர்காவுக்கு ஒரு சர்வேயர் இருந்தாலே பெரிது. அவரையும் நில எடுப்பு, ஆக்கிரமிப்பு அளவீடு, அமைச்சர் வருகைக்கான இடம் பார்த்தல் என்று இழுத்தால் உட்பிரிவு மனு நகராது. கூட்டத்தில் அவரை நிற்கவைத்துத் திட்டுவதால் ஒரு புலம்கூட அளக்கப்படாது.

செய்யக்கூடியது இது. வாரத்தில் இரண்டு நாளை உட்பிரிவுக்கு என்று ஒதுக்கி, அந்த நாட்களில் அவரை வேறு எதற்கும் அழைப்பதில்லை என்று வட்டாட்சியர் எழுத்தில் சொல்ல வேண்டும். மனுக்களை வந்த தேதி வரிசையில் மட்டும் எடுக்காமல் கிராமவாரியாகக் கட்ட வேண்டும். வரிசைப்படி போனால் காலையில் ஒரு மூலை, மதியம் இன்னொரு மூலை என்று பயணத்திலேயே நாள் போய்விடும். மிகப் பழைய மனு எந்தக் கிராமத்தில் இருக்கிறதோ அந்தக் கிராமம் முதலில். அங்கே போகும் அன்று அக்கிராமத்து மனுக்கள் எல்லாம் சேர்த்து. கிராம நிர்வாக அலுவலர் அன்று கட்டாயம் உடனிருக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற கேள்வி வரும்போது அளவீடு பாதியில் நிற்கும். தேதி தள்ளிப்போனால் முதல் நாளே மனுதாரருக்குப் போன் போக வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு வரப்பில் காத்திருந்தவருக்கு மறுநாள் சொல்லும் சமாதானம் பயன்படாது. நெல் நிற்கும் மாதங்களில் நஞ்சைக் கிராமங்களைத் தவிர்த்துப் புஞ்சைக் கிராமங்களை வைத்தால் பல தகராறுகள் குறையும்.

அடுத்தது வேலைப் பகிர்வு. எல்லா அலுவலகத்திலும் நன்றாக வேலை பார்ப்பவர் ஒருவர் இருப்பார். நீதிமன்ற வழக்குக்கு எதிருரை தயாரிக்கவும் அவர்தான், சட்டமன்றக் கேள்விக்குப் பதில் எழுதவும் அவர்தான், ஜமாபந்திக் கணக்கு சரிபார்க்கவும் அவர்தான். தலைவருக்கு இது வசதி. ஆனால் அவருடைய சொந்த சீட் இரவில்தான் பார்க்கப்படும். மற்றவர்கள் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே இல்லாமல் இருப்பார்கள், சிலர் அதையே சௌகரியமாக எடுத்துக்கொள்வார்கள். அவர் மாறுதலில் போன மறுநாள் அலுவலகமே ஸ்தம்பிக்கும். ஒவ்வொரு சீட்டுக்கும் மாற்று எழுத்தர் ஒருவரை எழுத்தில் நியமிப்பதும், ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பக்கக் குறிப்பு வைப்பதும் இதற்கு மருந்து. அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: மாதந்தோறும் போக வேண்டிய அறிக்கைகளும் அவற்றின் தேதியும், நிலுவையிலுள்ள நீதிமன்ற வழக்குகளும் அடுத்த விசாரணைத் தேதியும், எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் என்பதும். நீதிமன்றத் தேதியை ஒரே ஆள் மட்டும் தெரிந்து வைத்திருந்து அவர் விடுப்பில் போவதுதான் அவமதிப்பு வழக்கில் போய் முடிகிறது.

கூடுதல் பொறுப்பு விஷயத்திலும் பகிர்வு தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு கிராமம் பார்ப்பவர் எந்தக் கிழமை எங்கே இருப்பார் என்பதை இரண்டு அலுவலகக் கதவிலும் எழுதி ஒட்டினால் பாதிப் புகார் வராது. அந்தக் கிழமைகளில் வட்ட அலுவலகத்துக்கு அவரை வரச்சொல்லாமல் இருப்பது வட்டாட்சியரின் கடமை. அதை அவரே மீறினால் கதவில் ஒட்டிய தாளுக்கு மதிப்பு ஏது?

காலையில் தபால் பிரிப்பது சின்ன வேலையாகத் தெரியும். தலைமையிடத்துத் துணை வட்டாட்சியருடன் உட்கார்ந்து இருபது நிமிடம் செலவிட்டால் போதும். ஒரே ஆள் ஒரே குறையை முதல்வரின் உதவி மைய எண்ணான 1100க்குப் பேசியிருப்பார், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்திருப்பார், முகாமில் கொடுத்திருப்பார், சட்டமன்ற உறுப்பினர் மூலமும் அனுப்பியிருப்பார். நான்கும் நான்கு சீட்டுக்குப் போனால் நான்கு பதில் போகும். ஒன்றில் பரிசீலனையில் உள்ளது, இன்னொன்றில் நிராகரிக்கப்பட்டது என்று இருக்கும். மனுதாரர் இரண்டையும் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனால் அரசுத் தரப்பு வாயடைத்து நிற்கும். சர்வே எண்ணையும் செல்பேசி எண்ணையும் வைத்துத் தேடிப் பார்த்து, பழைய கோப்போடு சேர்த்த பிறகே சீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இணையவழி மனுக்களில் இன்னொரு கேடு புகுந்திருக்கிறது. மேலிருந்து பார்ப்பவர்களுக்குத் திரையில் யார் லாகினில் எத்தனை நிற்கிறது என்பது மட்டும் தெரிகிறது. ஆய்வுக் கூட்டத்துக்கு முதல் நாள் எண்ணைக் குறைக்க வேண்டும். அப்போது ஆவணம் போதாது என்ற இரண்டு சொல்லோடு மனுக்கள் தள்ளுபடியாகின்றன, அல்லது கீழ் லாகினுக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றன. நிலுவை பூஜ்யம் என்று பாராட்டும் கிடைக்கும். மனுதாரர் இ-சேவை மையத்தில் மறுபடியும் கட்டணம் கட்டி அதே மனுவைப் போடுவார். இது ஊழியர்களின் குணக்கேட்டால் மட்டும் நடப்பதல்ல. எண்ணை மட்டும் கேட்கிற தலைமை எண்ணைத்தான் பெறும். வாரம் பத்துத் தள்ளுபடி மனுக்களைக் குருட்டாம்போக்கில் எடுத்து, வட்டாட்சியரோ துணை வட்டாட்சியரோ மனுதாரரிடம் போனில் பேசட்டும். எந்த ஆவணம் இல்லை என்று உங்களுக்குச் சொன்னார்களா, அது உண்மையிலேயே தேவையானதா என்று கேட்கட்டும். இரண்டு மாதத்தில் தள்ளுபடியின் தரம் மாறிவிடும். தள்ளுபடி ஆணையில் மூன்று விஷயம் இருந்தே ஆக வேண்டும்: எதைப் பார்த்தோம், ஏன் மறுக்கிறோம், அடுத்து யாரிடம் போகலாம். பட்டா ஆணை என்றால், 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற ஒரு வரி. அந்த வரி இருந்தால் மனுதாரர் அலுவலக வாசலில் அலைய மாட்டார், இடைத்தரகரையும் தேட மாட்டார்.

இனி கூட்டங்கள். கிராம நிர்வாக அலுவலர்களை வாரா வாரம் வட்ட அலுவலகத்துக்கு வரவழைத்து முழுநாளும் உட்காரவைப்பது, நூறு கிராமத்தை ஒரு நாள் மூடுவதற்குச் சமம். பிர்காவாரியாக முக்கால் மணி நேரம் போதும். எல்லோருக்கும் பொதுவானது முதலில், தனிப்பட்ட நிலுவை பின்னால் தனியே. முடிவுகளை ஒரு நோட்டில் எழுத வேண்டும்: என்ன, யார், எந்தத் தேதிக்குள். அடுத்த கூட்டம் அந்த நோட்டைப் படித்துத்தான் தொடங்க வேண்டும். நாற்பது பேர் முன்னால் ஒருவரை ஏசினால் மற்ற முப்பத்தொன்பது பேரும் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: பிரச்சினையை வெளியே சொல்லக் கூடாது. அதன்பிறகு எந்தக் கெட்ட செய்தியும் உங்களுக்கு நேரத்தில் வராது. ஏரிக்கரை கசிவதையும் நீங்கள் தொலைக்காட்சியில்தான் பார்ப்பீர்கள்.

வாட்ஸ்ஆப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு, காலை எட்டு மணிக்குள் விவரம் தேவை என்று செய்தி வருகிறது. படிவம் இல்லை, எதற்காக என்று இல்லை. நூறு பேரும் நூறு விதமாக அனுப்புவார்கள். அதைத் தொகுக்க ஓர் எழுத்தரின் நாள் முழுதும் போகும். மூன்று மாதம் கழித்து அதே விவரம் வேறு தலைப்பில் கேட்கப்படும். விவரம் கேட்கும் எந்தச் செய்தியிலும் படிவம், கடைசித் தேதி, கேட்பவர் பதவி மூன்றும் இருக்க வேண்டும். ஒரு முறை வாங்கியதை வட்ட அலுவலகத்திலேயே பொதுக்கோப்பில் வைத்தால், மேலிடம் மறுபடி கேட்கும்போது கிராமத்தைத் தொந்தரவு செய்யாமல் கொடுத்துவிடலாம். புயல், தீ, சட்டம் ஒழுங்கு தவிர இரவு எட்டுக்கு மேல் செய்தி போடுவதில்லை என்று தலைவர் தனக்குத் தானே ஒரு கட்டு போட்டுக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் வரும் எல்லாமே அவசரம் என்றால், உண்மையான அவசரம் வரும் இரவில் யாரும் போனை எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

வாய்மொழி உத்தரவு இதைவிட ஆபத்தானது. அகில இந்தியப் பணி அலுவலர்களுக்கான 1968ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், மேலதிகாரியின் கட்டளை பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால் பிறகு எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று தெளிவாக உள்ளது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றமும், வாய்மொழி அறிவுறுத்தல்களைப் பதிவுசெய்ய வேண்டியதன் அவசியத்தை வலியுறுத்தியது. வட்ட அளவில் இதைக் கடைப்பிடிப்பது எளிது. போனில் சொன்னதை மறு வேலைநாளுக்குள் கோப்பில் ஒரு வரியாக வட்டாட்சியர் எழுதி ஒப்பமிட வேண்டும். கீழே உள்ளவர், தங்கள் வாய்மொழி அறிவுரைப்படி இன்னது செய்யப்பட்டது என்று எழுதி வைத்தால் கோபப்படாமல் கையெழுத்துப் போட வேண்டும். தணிக்கை வரும் நாளில் ஆணையிட்டவர் வேறு மாவட்டத்தில் இருப்பார். கையெழுத்துப் போட்ட எழுத்தர் மட்டும் அதே சீட்டில் அகப்பட்டுக்கொள்வார். இந்த நிலையில் விடாத தலைவருக்காக ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து வேலை பார்ப்பார்கள்.

மெமோ கொடுப்பதிலும் முறை இருக்கிறது. பணியில் மெத்தனம், பொறுப்பற்ற செயல் என்று பொதுவாக எழுதிய மெமோ விசாரணையில் நிற்காது. எந்தத் தேதியில், எந்த ஆணை, எதைச் செய்யவில்லை, அதனால் விளைந்தது என்ன என்று இருக்க வேண்டும். முதலில் தனியறையில் பேச்சு, பிறகு எழுத்தில் அறிவுரை, அதன்பிறகே விளக்கம் கேட்கும் மெமோ. விளக்கம் வந்தால் படித்துவிட்டு, ஏற்கப்பட்டது அல்லது மேல்நடவடிக்கை என்று எழுதி முடிக்க வேண்டும். கோபத்தில், பெரிய தண்டனைக்கு வழிவகுக்கும் 17பி விதிப்படிக் குற்றச்சாட்டைக் கொடுத்துவிட்டு விசாரணை அலுவலரைக்கூட நியமிக்காமல் விட்டுவிடுவது நடக்கிறது. அது ஆண்டுக்கணக்கில் பதவி உயர்வுப் பட்டியலை மறித்துக்கொண்டு நிற்கும். அந்த ஊழியர் நிரபராதியாக இருந்தால் அது அநியாயம்; குற்றவாளியாக இருந்தால் தாமதத்தையே காரணம் காட்டித் தப்பிவிடுவார். லஞ்சம் மட்டும் இந்தப் படிகளுக்குள் வராது. அங்கே அறிவுரைக்கு இடமில்லை. லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தகவல் போக வேண்டும், ஆளை அந்த சீட்டிலிருந்து அன்றே மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கனமான பொறுப்பு ஒன்று உண்டு. 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தமது அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்தவர் அவர். கிராமத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் கடைநிலை அலுவலரின் பெயரிலேயே புகார் போவது எத்தனை ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மணல், கல்குவாரி, பெரிய ஆக்கிரமிப்பு ஆகியவற்றில் கிராமத்திலிருந்து வட்டாட்சியருக்குத் தகவல் மட்டும் வர வேண்டும். காவல் நிலையத்துக்குப் போகும் புகாரில் வட்டாட்சியரோ துணை வட்டாட்சியரோ கையெழுத்திட வேண்டும். இரவு ரோந்துக்குத் தனி ஆளை அனுப்பக் கூடாது. வாகனம், குறைந்தது மூன்று பேர், காவலர் ஒருவர், புறப்பட்டதும் திரும்பியதும் பதிவாக வேண்டும். மிரட்டல் வந்ததாக ஊழியர் சொன்னால் அன்றே எழுத்தில் வாங்கி, காவல் துணைக் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, நகலை ஆட்சியருக்கும் வைக்க வேண்டும். இன்றைக்குக் கிராம நிர்வாக அலுவலர்களில் இளம்பெண்கள் பலர். அவர்களின் அலுவலகத்தில் கழிப்பறையும் தாழ்ப்பாள் உள்ள கதவும் வெளிச்சமும் இருக்கிறதா என்று வட்டாட்சியர் ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். இதை யாரும் ஆய்வுப் படிவத்தில் கேட்பதில்லை.

பேரிடர் நாட்களில் மேலே சொன்னவை அனைத்தும் சோதனைக்கு வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. அப்படியொரு மழையில் செல்பேசி கோபுரம் செயலிழக்கும், சாலை துண்டிக்கப்படும், வட்டாட்சியரின் உத்தரவு கிராமத்துக்குப் போய்ச் சேராது. எனவே முகாமைத் திறப்பது, படகு கேட்பது, கடைக்காரரிடம் அரிசியும் பாலும் கடனுக்கு வாங்குவது ஆகியவற்றைக் கேட்காமலே செய்யலாம் என்ற அதிகாரம் அக்டோபர் தொடக்கத்திலேயே, தொகை வரம்போடு, எழுத்தில் பிர்கா அளவுக்குப் போயிருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்கு எட்டு மணி நேர முறைப்பட்டியல் போட்டு, முறை முடிந்தவரை வீட்டுக்கு அனுப்பியே தீர வேண்டும். முதல் நாள் எல்லோரும் விழித்திருப்பது பெருமையாகத் தோன்றும். நிவாரணக் கணக்கெடுப்பு நடக்கும் மூன்றாம் நாள், தூக்கம் இல்லாதவர்கள் எடுக்கும் பட்டியலில் இரட்டைப் பதிவும் விடுபாடும் மலிந்து, அடுத்த ஆறு மாத மனுக்கள் அங்கேயே உற்பத்தியாகும்.

அரசுக்கு இரண்டு வேண்டுகோள். அரசு ஊழியர்களுக்குப் பவானிசாகரில் நடக்கும் அடிப்படைப் பயிற்சியில் தன்பதிவேட்டை எழுதக் கற்றுத்தருவதோடு, பிறருடைய பதிவேட்டைப் படித்து நெரிசலைக் கண்டுபிடிக்கும் பயிற்சியை, துணை வட்டாட்சியராகப் பதவி உயர்வு பெறுபவர்களுக்கு உண்மையான பழைய பதிவேடுகளைக் கொண்டு மூன்று நாளாவது நடத்த வேண்டும். இரண்டாவது, வட்டாட்சியர் மாறுதலின்போது பொறுப்பு ஒப்படைப்புச் சான்றில் கையெழுத்து மட்டும் போதாது. அறுபது நாளைத் தாண்டிய கோப்புகளின் பட்டியல், ஒவ்வொன்றும் எதற்காக நிற்கிறது என்ற குறிப்பு, நீதிமன்றத் தேதிகள், மிரட்டலுக்கு உள்ளான ஊழியர்கள் பற்றிய ரகசியக் குறிப்பு ஆகிய நான்கும் இணைக்கப்பட்டால்தான் விடுவிப்பு ஆணை என்று விதி வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர்,
தஞ்சாவூர் மாவட்டம்.